முடியாது என்று சொல்ல ஓர் ஆள்

"இன்னொரு டீ குடிக்கிறியா குமாரு?" என்று அவர் கேட்டால் அது உபசாரம் இல்லை, பரீட்சை.

எங்களுக்கெல்லாம் அது தெரியும். டீக்கடைக்காரருக்கும் தெரியும். வடிகட்டியைக் கையில் பிடித்தபடி குமாரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். குமார் தலையைச் சொறிவான். காலி டம்ளரை உள்ளங்கையில் உருட்டுவான். ஏற்கனவே குடித்த டீயிலேயே வயிறு கனத்திருக்கும். 'வேணாம்' என்கிற சொல் அவன் தொண்டை வரைக்கும் ஏறி வருவது வெளியிலிருந்தே தெரியும். ஏறி வந்தது அப்படியே இறங்கிவிடும்.

"சரிண்ணே," என்பான்.

"போட்டுக் குடுங்க," என்பார் அவர், பரீட்சையில் தானே தோற்றவர் மாதிரி.

குமார் சின்னப் பையன் இல்லை. நாற்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எங்கள் அறுவடை மெஷினோடு போகிற டிராக்டரின் டிரைவர். யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். ஊரில் அதை நல்ல குணம் என்றுதான் சொன்னார்கள். அவர் ஒருவர்தான் அதை வியாதி மாதிரிப் பார்த்தார்.

அவரை நாங்கள் சிங்கப்பூரார் என்போம். சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பியிருக்க மாட்டார். கப்பல் பட்டறையில் வெகுகாலம் மேஸ்திரியாக இருந்துவிட்டுத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியவர். ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மெஷின் ஒன்று வாங்கினார். அதை ஓட்ட ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து செல்வராசு வந்தான். மெஷின் எட்டாத வயல் மூலைகளைக் கருக்கரிவாளால் அறுக்க வசந்தா. நெல்லை ஏற்றிக்கொண்டு போக குமார். விவசாயிகளிடம் பேசி எந்த வயல் என்றைக்கு என்று முடிவு செய்கிற ஏஜென்ட் நான். என் தொழிலின் மூலதனமே 'ஆகட்டுங்க, நாளைக்கு உங்க முறைதான்' என்கிற ஒரு வாக்கியம்தான். ஒரே நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

தை மாதத்தில் பனி காயாமல் அறுக்க முடியாது. ஈரக்கதிர் மெஷினில் சிக்கும், நெல்லும் நனையும். வெயில் ஏறுகிறவரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற மெஷின்காரர்கள் அந்த நேரத்தில் செல்போன் பார்ப்பார்கள். எங்களுக்குச் சிங்கப்பூரார் குணப் பரீட்சை வைத்தார்.

வேடிக்கை இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களை ஏசி ரூமில் உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுத்து, யார் எந்த மாதிரி ஆள் என்று நிறம் பிரிப்பார்களாம். முந்திக்கொண்டு முடிவெடுப்பவன் சிவப்பு. கலகலப்பாகப் பேசி ஆளைச் சேர்ப்பவன் மஞ்சள். ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்ப்பவன் நீலம். எல்லாரையும் அனுசரித்துப் போகிறவன் பச்சை. எந்த நிறமும் தப்பில்லை, ஒரே நிறமாக ஒரு குழு இருப்பதுதான் தப்பு என்பார். ஞாபகத்தில் இருந்த கேள்விகளைத் தமிழாக்கி அவர் வாயாலேயே கேட்டார்.

"நாலு பேர் கூடுன எடத்துல மொதல்ல பேசுறவன் நீயா, கேட்டுக்கிறவனா?"

"கேட்டுக்கிறவன்தாங்கண்ணா," என்றான் செல்வராசு. ஒரு வரப்பில் வாயைத் திறந்தால் அடுத்த வாய்க்கால் வரைக்கும் கேட்கிற குரல் அவனுக்கு.

"கோவம் வந்தா காட்டுவியா, அடக்குவியா?"

"எனக்கு எங்கண்ணே கோவம் வருது," என்றாள் வசந்தா. அன்று காலையில்தான் ஒருவரை வரப்போடு துரத்தி அடித்திருந்தாள்.

நானும் அடக்கமாகத்தான் பதில் சொன்னேன். தன்னைப் பற்றித் தானே 'நான் முடிவெடுக்கிறவன்' என்று சொல்லிக்கொள்ள எங்களில் யாருக்கு வாய் வரும்? கேட்டு முடித்துவிட்டு அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் பச்சைங்கிறீங்க. எல்லாம் பச்சையாவே இருந்தா நான் எதைடா அறுக்குறது?"

மறுநாள் முறையை மாற்றினார். ஒருவரைப் பற்றி அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், சம்பந்தப்பட்டவர் வாயைத் திறக்கக்கூடாது. அன்றைக்குப் பனி காய்ந்து வெகுநேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. செல்வராசைப் பற்றி வசந்தா சொன்னாள்: "இவனுக்குக் கோவம் வந்தா வாயில தெரியாதுண்ணே, வண்டியத் திருப்புறதுல தெரியும். வரப்ப உடைச்சிருவான்." வசந்தாவைப் பற்றிச் செல்வராசு: "இந்தக்கா கணக்குல ஒரு நாழி மாத்திச் சொல்ல முடியாதுங்கண்ணா. தலைகீழா தொங்கவிட்டாலும் அதே கணக்குதான் விழும்." என்னைப் பற்றி இருவரும் சேர்ந்து: "இவரு வாய் சக்கரைண்ணே. ஆனா எல்லாருக்கும் நாளைக்குன்னு சொல்லிருவாரு. நாளைக்கு நாங்கதான் அடி வாங்குறோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றிலிருந்து வயல்களுக்கு முறை வைக்கிற வேலை என்னிடமிருந்து வசந்தாவிடம் போனது. ஆள் பிடிப்பது நான், வரிசையைக் காப்பது அவள். வெயில் ஏறிக் கோபம் வருகிற நேரத்தில் செல்வராசுக்குச் சின்ன வயல் கொடுப்பதில்லை, அடிக்கடி வண்டியைத் திருப்ப வேண்டாத நீளமான வயலாகப் பார்த்து விடுவோம். அந்தப் பருவம் முழுக்க ஒரு வரப்புத் தகராறு இல்லை. அடுத்த மெஷின்காரர்கள் எங்களிடம் வந்து, "என்னங்க மந்திரம் போட்டாரு ஒங்க ஆளு?" என்று கேட்டார்கள்.

குமாரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னோம். "அவன் முடியாதுன்னே சொன்னதில்லைண்ணே." பாராட்டாகத்தான் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்பது அடிப்பதற்குச் சமம். கல்யாணத்துக்குப் போக வழியில்லாதவனும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "அவசியம் வந்துர்றேங்க" என்றுதான் சொல்வான். கொடுத்தவருக்கும் அவன் வரமாட்டான் என்று தெரியும். பந்திக் கணக்கில் அவனைச் சேர்க்கமாட்டார். இருவருக்கும் மரியாதை மிஞ்சும். இதை நான் அவரிடம் பெருமையாக விளக்கினேன்.

"அந்த மரியாதைதான், ஏஜெண்டு, ஆளைக் கொல்லுது," என்றார்.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், பட்டறையிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். குழுவில் யார் முடியாது என்று சொன்னாலும் அவர் விசில் ஊதுவார், வேலை நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அவன் முடியாது என்றதை இன்னொருத்தன் போய்ச் செய்யக்கூடாது. "சரின்னு சொல்ல வாய் போதும்டா. முடியாதுன்னு சொல்ல ஆள் வேணும்," என்பார். வசந்தா ஒருமுறை சொன்னாள், வயலின் குறுக்கே கரண்டு கம்பி தாழ்ந்து தொங்கிய அன்று. வயல்காரர் மண்ணை வாரித் தூற்றினார், இவர் அசையவில்லை. செல்வராசு ஒருமுறை சொன்னான், தூக்கம் கண்ணைக் கட்டிய அன்று. நான்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், நாக்கு கூசியது. குமார் மட்டும் சொல்லவே இல்லை.

ஒருநாள் விடிந்தும் விடியாமல் பல்லைக் கிட்டவைக்கிற பனி. வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். அவர் திடீரென்று, "குமாரு, எறங்குடா தண்ணியில," என்றார். சும்மாதான் சொன்னார். மாட்டேன் என்பான், ஏன் என்றாவது கேட்பான் என்று நினைத்திருப்பார். குமார் செல்போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையோடு இறங்கினான். மார்பு வரை தண்ணீர். உதடு நடுங்க அங்கிருந்தபடி, "இன்னும் போவணுமாண்ணே?" என்றான்.

சிங்கப்பூரார் வேட்டியோடு குதித்தார். அவனை இழுத்துக் கரையில் போட்டுத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"ஏண்டா எறங்குனே? பைத்தியமாடா நீ?"

"நீங்க சொன்னீங்கண்ணே."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஈர வேட்டியோடு மதகில் உட்கார்ந்து பேசினார். அந்தக் கதையை அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

பட்டறையில் அவருக்குக் கீழே பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவன் இருந்தானாம். ஒரு மழை நாளில் சாரத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார். கப்பல் கிளம்ப வேண்டிய அவசரம். அவன் மேலே ஒருதரம் பார்த்தான், இவரை ஒருதரம் பார்த்தான். "சரிண்ணே" என்று ஏறிவிட்டான்.

"வழுக்கும்னு அவனுக்குத் தெரியும். தெரியும்னு எனக்கும் அவன் முகத்துலயே தெரிஞ்சுது. அவன் சொல்லட்டும்னு நான் நின்னேன், நான் சொல்லட்டும்னு அவன் நின்னான். விழுந்துட்டான்." வேட்டி நுனியைப் பிழிந்தார். "அவன் செத்ததுக்கு அப்புறம்தான் ஏசி ரூமுல கூப்பிட்டு எங்களுக்குக் கேள்வித்தாள் குடுத்தான் கம்பெனிக்காரன். அதுல எல்லாக் கேள்விக்கும் செத்தவன் என்ன பதில் போட்டிருப்பான்னு எனக்குத் தெரியும். அத்தனையும் பச்சை."

அதற்குப் பிறகு டீ பரீட்சையைப் பார்த்து எங்களால் சிரிக்க முடியவில்லை. டீ, பஜ்ஜி, வெற்றிலை, பீடி எதையாவது அவர் நீட்டிக்கொண்டே இருப்பார். குமார் வாங்கிக்கொண்டே இருப்பான். ஒருநாள் வசந்தா பொறுக்கமாட்டாமல், "அண்ணே, அவன் வயிறு கெட்டுப்போவுதுண்ணே, விட்டுருங்க," என்றாள். "வயிறுதானே, போவட்டும்," என்றார்.

மாசியில் மேகம் கூடியது. முற்றிய சம்பா தலை சாய்ந்து நிற்கையில் வருகிற மழையை நாங்கள் மழை என்றே சொல்வதில்லை, வேறு வார்த்தைகள் வைத்திருக்கிறோம். செல்போனில் ஆளாளுக்கு வானிலை பார்த்தார்கள். மெஷின் கிடைக்காத விவசாயிகள் ரோட்டில் வண்டியை மறித்தார்கள். ஒருவர் என் டிவிஎஸ்ஸின் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். வசந்தா வைத்த வரிசையில்தான் போனோம்.

அந்த வரிசையில் சிங்கப்பூராரின் தங்கச்சி வயல் பின்னால் இருந்தது. புருஷன் பக்கவாதத்தில் படுத்துவிட, குத்தகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகப் பயிர் வைத்தவள். வரிசையை மாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை, அவரும் மாற்றவில்லை. அவள் முறை வந்தபோது கிழக்கே கறுத்துவிட்டது.

அவள் வயலுக்கு ரோடு கிடையாது. மெஷின் அறுத்த வயல்கள் வழியாக வந்து இறங்கிவிடும். ஆனால் நெல் நிரம்பியபின் அந்தக் கனத்தோடு திரும்பி ஈரத்தில் போனால் புதைந்துவிடும். டிராக்டர் வாய்க்கால் கரைமேல் வந்து வயலோரம் நின்றால்தான் நெல்லைக் கொட்ட முடியும். நல்ல நாளில் அப்படித்தான் செய்வோம். முந்தின நாள் ஒரு தூறல் விழுந்து கரை கசகசவென்று இருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால் விளிம்பு வரைக்கும் தண்ணீர். செல்வராசு மெஷினை இறக்கிவிட்டு, டிராக்டர் வருமா என்று பார்த்து எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தான்.

சிங்கப்பூரார் கரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்க்கவில்லை.

"குமாரு, ஏத்துடா கரையில."

"சரிண்ணே," என்றான் குமார்.

டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். முன்சக்கரம் கரை ஏறியது. சேறு பிதுங்கி வாய்க்காலுக்குள் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. வண்டி நின்றது. குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தான். வண்டியை அணைத்தான். இறங்கி வந்து அவர் முன்னால் நின்றான்.

"முடியாதுண்ணே."

எத்தனை டீ, எத்தனை பஜ்ஜி. அந்த ஒரு சொல்லுக்காகப் பருவம் முழுக்கத் தவம் கிடந்த மனிதர் அதைக் கேட்டதும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"இன்னிக்காடா? ஏண்டா, இன்னிக்காடா சொல்லுவே?"

குமார் அழுதான். "முடியாதுண்ணே. பயமாருக்குண்ணே."

"அண்ணே," என்றாள் தங்கச்சி வரப்பிலிருந்து. "வருசம் பூரா சோறுண்ணே அது. வேற யாராச்சும் ஏத்தட்டும்ண்ணே."

செல்வராசு மெஷினிலிருந்து குதித்து வந்தான். "நான் ஏத்துறேங்கண்ணா. ரெண்டே நடைதான். மழைக்கு முன்னாடி எடுத்துரலாம்."

"நீ ஏத்துடா தம்பி, நீ ஏத்து," என்றாள் அவள்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். நான் மனதுக்குள், சரி என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். யார் என்ன கேட்கப்போகிறார்கள்? சட்டம் அவர் போட்டது, அவரே எடுத்துவிடலாம். வசந்தாகூட, "அண்ணே, ஒங்க தங்கச்சி நெல்லுண்ணே," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் குமாரின் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தைத் தடவி நேராக்கினார். விசிலை வாயில் வைத்தார். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார்.

செல்வராசு போய் மெஷின் எஞ்சினை அணைத்தான். அந்த அமைதியில் முதல் துளி டிராக்டர் பானட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஒன் ஆளுவதான் ஒனக்குப் பெருசு," என்றாள் தங்கச்சி. சத்தம் போடவில்லை. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அதன்பின் அவள் அவரிடம் பேசியது ஒரே ஒருமுறை.

மழை விட்டு விட்டுப் பெய்தது, நாள்கணக்கில். பயிர் படுத்துவிட்டது. தண்ணீருக்குள் கிடந்த கதிரில் நெல் வெள்ளையாக முளைவிட்டது. தூரத்திலிருந்து பார்க்க ஏதோ புதிதாக நாற்று விட்ட மாதிரி இருந்தது.

கரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் அவரைத் தின்றது. அந்த மழையில் வேறெங்கெல்லாமோ கரை உடைந்தது. இந்தக் கரையில் ஒரு கூடை மண் சரியவில்லை. மழை ஓய்ந்த அன்று தங்கச்சி வயலைப் பார்க்க வந்தாள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். கரைமேல் நின்று ஒருமுறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"கரை நல்லாத்தான்ண்ணே நிக்கிது," என்றாள். போய்விட்டாள்.

"வெறுங்கரை நிக்கும்ண்ணே," என்றாள் வசந்தா அவரிடம். "நெல்லும் வண்டியும் ஏறுன கரையா அது? ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலை," என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டாரா, தண்டனையாகவா, தெரியவில்லை.

மறுநாள் டீக்கடையில் குமார் ஓரமாக உட்கார்ந்திருந்தான். டம்ளர் காலியானதும், பழக்கத்தில் வந்ததோ என்னவோ, அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. "இன்னொரு டீ குடிக்கிறியா?"

"வேணாம்ண்ணே," என்றான் குமார்.

கடைக்காரர் கை அப்படியே நின்றது. சிங்கப்பூரார் தலையை ஆட்டினார். தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

அடுத்த பருவத்துக்கு எங்கள் குழு இல்லை. மெஷினை விற்றுவிட்டு அவர் தஞ்சாவூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். குமார் இப்போது வேறொரு மெஷினுக்கு டிராக்டர் ஓட்டுகிறான். முடியாது என்று நன்றாகவே சொல்கிறான், கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறான் என்று அந்த ஓனர் குறைப்படுகிறார்.

எனக்கு அவரை நினைத்தால் வருவது விசிலும் இல்லை, நிறமும் இல்லை. அவர் ஊரை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் டிவிஎஸ்ஸில் வந்தேன். வாய்க்கால் கரையில், அன்று டிராக்டர் நின்ற அதே இடத்தில், அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிகாலால் கரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். விளிம்புக்குப் போய் மிதித்தார். குனிந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளிப்போய் இரண்டு காலும் தூக்கிக் குதித்தார், ஒரு பிடி மண்ணாவது சரிந்து தண்ணீரில் விழாதா என்று.

கரை அசையவில்லை.